நமட்டுச் சிரிப்புக்கு ஒரு மெமோ

ஓய்வு பெற்ற அரசு ஊழியரிடம் ஊர் என்ன கேட்கும்? முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மகன் எப்போது வருகிறான், பட்டாவில் பெயர் மாற்ற யாரைப் பார்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. போன வாரம் கயல்விழி போனில் கேட்டது வேறு ரகம்.

"ஆன்ட்டி, ஸ்மர்க்குன்னா தமிழ்ல என்ன?"

கயல்விழி நான் வேலை பார்த்த அதே பாசனத் துறையில் உதவிப் பொறியாளர். வேலையில் சேர்ந்து இன்னும் தகுதிகாண் பருவம்கூட முடியவில்லை. அதற்குள் ஒரு மெமோ வாங்கிவிட்டாள். விஷயம் இதுதான். அவர்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரி ஒரு போட்டோ போட்டிருக்கிறார். கரை ததும்ப ஓடும் வாய்க்கால். கீழே, 'கடைமடை வரை தண்ணீர் சென்று சேர்ந்தது' என்று ஒரு வரி. உடனே குழுவில் கும்பிடும் கைகள் வரிசை கட்டின. கட்டைவிரல்கள் நிமிர்ந்தன. ஒருவர் பூங்கொத்தே வைத்துவிட்டார். இத்தனைக்கும் நடுவில் இவள் பெயரில் ஒரு மஞ்சள் மூஞ்சி. கண்ணை ஓரமாகத் தள்ளி, வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு பார்க்கும் மூஞ்சி. அதன் பெயர் 'ஸ்மர்க்கிங் ஃபேஸ்' என்று யாரோ மெனக்கெட்டுத் தேடிக் கண்டுபிடித்து, அந்தப் பெயரையே மெமோவில் போட்டு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் போனதா என்று தேட ஆள் இல்லாத துறையில், பொம்மைக்குப் பெயர் தேட ஆள் இருப்பது மகிழ்ச்சியான செய்திதான்.

"கை தவறிப் பட்டுடுச்சுன்னு எழுதிக் குடுத்துடு" என்றேன். அரசாங்கத்தில் எல்லாத் தவறும் கை தவறித்தான் நடக்கும்.

"அத யோசிக்கிறேன் ஆன்ட்டி. மொதல்ல அர்த்தத்தச் சொல்லுங்க. உங்களத்தான் கேக்கச் சொன்னாரு அப்பா. அவர்கிட்ட கேட்டா, அது பெரிய கதைன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு."

அவள் அப்பா கலியமூர்த்தி. எங்கள் அலுவலகத்தில் லஸ்கராக இருந்தவர். லஸ்கர் என்றால் ஆற்றிலும் வாய்க்காலிலும் ஷட்டரை ஏற்றி இறக்கித் தண்ணீர் விடுகிறவர். இதே ஒரு சொல்லுக்காக ஒரு காலத்தில் அவர் வேலையே போகப் பார்த்தது. சாயங்காலம் கூப்பிடு, சொல்கிறேன் என்று போனை வைத்தேன். வைத்த பிறகுதான் இதையெல்லாம் எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மன்னார்குடியில் ஒரு மாடியறையில் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து. பிறகு பரீட்சை, பிறகு வேலை. சேர்ந்த அன்று என்னை உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி தேடினார்கள். கிடைக்கவில்லை. கிடைத்தபோது அதற்கு ஒரு கால் இல்லை. அதில் உட்கார்ந்து பழகியதால்தான் அரசுப் பணியில் விழாமல் ஓய்வு பெற்றேன் என்று நினைக்கிறேன். கோட்டத்தின் பெயர் வேண்டாம். நீடாமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எங்களுக்கு வாய்த்த செயற்பொறியாளரை நாங்கள் 'காலண்டர் சார்' என்போம், அவர் காதில் விழாமல். அமெரிக்காவில் இருந்த மகன் அவருக்கு ஒரு மேஜைக் காலண்டர் அனுப்பியிருந்தான். தினமும் ஒரு தாளைக் கிழிக்க வேண்டும். தாளுக்கு ஒரு ஆங்கிலச் சொல், அதற்கு அர்த்தம். சார் காலையில் வந்ததும் ஃபேனைப் போடுவார், தாளைக் கிழிப்பார், அன்றைய சொல்லை உதட்டுக்குள் உருட்டிப் பார்ப்பார். பிறகு அந்தச் சொல்லைப் பயன்படுத்த ஆள் தேடுவார். எங்களுக்கு வந்த மெமோக்களில் பாதி நாங்கள் செய்த தப்பால் வந்தவை அல்ல. அன்றைய தாளால் வந்தவை.

எங்கள் பியூன் தண்ணீர்க் குடம் வைக்கப் போகும் சாக்கில் தாளை எட்டிப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை கொடுப்பார். "இன்னிக்கு பெரிய வார்த்தைம்மா, மேஜை நீளத்துக்கு இருக்கு" என்றால் நாங்கள் நிம்மதியாக டீ குடிப்போம். நீளமான சொற்கள் பெரும்பாலும் மேலிடத்துக்குப் போகும் கடிதங்களுக்குத்தான். குட்டிச் சொற்கள்தான் எங்கள் மேல் விழும்.

சார் ஆங்கிலத்தில்தான் கோபப்படுவார். ஆனால் ஊழியருக்குக் கொடுக்கும் எதுவும் தமிழில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. எனவே அவர் நாற்காலியில் சாய்ந்து, ஆள்காட்டி விரலை உயர்த்தி, கண்ணை மூடிச் சொல்வார். நான் சுருக்கெழுத்தில் எடுப்பேன். பிறகு தமிழாக்கி, தாளுக்கு நடுவே கார்பன் வைத்து அடிப்பேன். அவர் தமிழில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து ஒன்றுதான் அவர் சொந்தமாக எழுதிய தமிழ். விரல் கீழே இறங்கினால் வாக்கியம் முடிந்தது என்று பொருள். இறங்காமல் அந்தரத்தில் நின்றால், சொல் வரப் போகிறது என்று பொருள்.

குறுவைக்குத் தண்ணீர் விட்டிருந்த சமயம். ஒரு சட்ரஸில், அதாவது ஆற்றின் குறுக்கே இருக்கும் கதவணையில், சார் பார்வைக்குப் போனார். கடைமடை ஊர்க்காரர்கள் வந்து நின்றார்கள். "தண்ணி கடைமடைக்குப் போயாச்சே" என்றார் சார். "எந்தக் கடைமடைங்க சார்? எங்க ஊர்ல நாத்து காயுதுங்க" என்றார்கள் அவர்கள். சாருக்குப் பதில் இல்லை. பதில் இல்லாத அதிகாரிக்குப் பக்கத்தில் ஒரு லஸ்கர் நிற்பது இயற்கையின் ஏற்பாடு. கலியமூர்த்தியைப் பிடித்தார். ஷட்டரை ஒழுங்காகத் தூக்கினாயா, சம்பளம் எதற்கு, வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்று எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்போது கலியமூர்த்தி சிரித்தார். அதைப் பார்த்து ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். சார் ஜீப்பில் ஏறிவிட்டார்.

அன்றைய தாளில் இருந்த சொல் ஸ்மர்க். குட்டிச் சொல்.

சார் விரலை உயர்த்தினார். அது வெகு நேரம் அந்தரத்தில் நின்றது. 'ஸ்மர்க்' என்று சொல்லி இறக்கியபோது அவர் முகத்தில் சாப்பிட்டு முடித்த திருப்தி. பதினேழு-பி போடச் சொன்னார். விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு. கலியமூர்த்தி வருஷக்கணக்காகத் தினக்கூலியாக இருந்து, அப்போதுதான் வேலையில் எடுக்கப்பட்டிருந்தார். அவருக்கும் தகுதிகாண் பருவம். குற்றம் உறுதியானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் மனைவியும் ஒரு கைக்குழந்தையும். அந்தக் கைக்குழந்தைதான் இப்போது மஞ்சள் மூஞ்சி போட்டிருக்கிறது.

தமிழாக்க உட்கார்ந்தேன். 'சிரித்தார்' என்று அடித்துக் கொண்டுபோனேன்.

"என்னம்மா இது, சிரித்தார்னு? சிரிச்சதுக்கா ஒருத்தன வேலைய விட்டு எடுப்பாங்க? இது சாதாச் சிரிப்பு இல்ல."

"இளித்தார்னு போடவாங்க சார்?"

"அது கெஞ்சறவன் செய்யறது."

"எகத்தாளமா சிரித்தார்?"

"சத்தம் வரலயே."

சிரிப்பில் இத்தனை சாதி இருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. தமிழில் அசட்டுச் சிரிப்பு உண்டு, வெடிச்சிரிப்பு உண்டு, கள்ளச் சிரிப்பு உண்டு, விஷமச் சிரிப்பு உண்டு. எதைக் கொடுத்தாலும் சார் புடவைக் கடையில் உட்கார்ந்த மாதிரி அடுத்ததைக் காட்டு என்றார். நான் சம்பவ இடத்தில் இல்லை. எனவே எப்படித்தான் சிரித்தார் என்று கேட்டேன். சார் செய்தே காட்டினார். உதட்டை இறுக்கி மூடி, ஒரு ஓரத்தை மட்டும் மேலே தூக்கி, கண்ணைச் சாய்த்து, நீயெல்லாம் ஒரு ஆளா என்பதுபோல ஒரு பார்வை. அத்தனை கச்சிதம். எங்களுக்குப் பழக்கமான முகம்தான் அது. யாராவது லீவு கேட்டுப் போனால் சார் அப்படித்தான் பார்ப்பார்.

"இது நமட்டுச் சிரிப்புங்க சார்" என்றேன்.

"அதேதான். அடிங்க."

'மேலதிகாரியைப் பார்த்து நமட்டுச் சிரிப்புச் சிரித்து, அன்னாரது மாண்புக்குக் குந்தகம் விளைவித்தார்' என்று அடித்தேன். மெமோவை வாங்க வந்த கலியமூர்த்தி, தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். படிக்கத் தெரிந்தவர்தான். படித்துவிட்டு, "நான் அப்படியாம்மா சிரிச்சேன்?" என்று என்னிடமே கேட்டார். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.

விசாரணைக்கு வேறு கோட்டத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவர். வெற்றிலை போடுவார், அரைக் கண்ணால் பார்ப்பார். அவருக்கு இருந்த ஒரே கவலை, நீடாமங்கலத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டும். வந்ததும் வராததுமாக, "சிரிப்புக்குப் பதினேழு-பியா? நம்ம துறைக்கு வேலை கொறஞ்சு போச்சு போலிருக்கு" என்றார். சார் அதை ரசிக்கவில்லை. சாருடைய அறையிலேயே விசாரணை. நான் ஓரத்தில் டைப்ரைட்டரோடு.

"கலியமூர்த்தி, அன்னைக்கு சிரிச்சீங்களா இல்லையா?"

"தெரியலங்க ஐயா. என் மூஞ்சி எனக்குத் தெரியாதுங்களே."

வெற்றிலைக்காரர் இப்போது முழுக் கண்ணையும் திறந்தார். "நியாயமான பதில்தான். அன்னைக்கு சிரிச்ச மாதிரி ஒரு தடவ சிரிச்சுக் காட்டுங்க."

கலியமூர்த்தி முயன்றார். ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க நிற்கிறவர் முகம் மாதிரி ஏதோ வந்தது. அதைச் சிரிப்பென்று எந்தச் சட்டத்திலும் சேர்க்க முடியாது. இன்னொரு முறை முயன்றார். அது இன்னும் மோசம்.

சார் பொறுமையிழந்தார். மேஜையை ஓங்கித் தட்டினார். "ஏய், நடிக்கிறியா? எங்கிட்டயே நடிக்கிறியா? நாளைலேருந்து நீ வேலைக்கு வர முடியாது, தெரியுமா?"

அந்த நொடியே கலியமூர்த்தியின் முகத்தில் பல் வரிசை முழுவதும் வெளியே வந்தது. காது வரை விரிந்த வாய்.

"பாருங்க, பாருங்க சார். இதுதான். இதுதான் ஸ்மர்க்" என்று சார் எழுந்தே நின்றுவிட்டார்.

வெற்றிலைக்காரர் கலியமூர்த்தியின் முகத்தையே பார்த்தார். வாய்தான் சிரித்தது. கண்ணில் சிரிப்பு இல்லை. கை தோள் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ திட்டுங்க சார்" என்றார் வெற்றிலைக்காரர் மெதுவாக.

சாரிடம் இப்படி ஒரு வேண்டுகோளை அதுவரை யாரும் வைத்ததில்லை. மனமுவந்து திட்டினார். வாய் இன்னும் விரிந்தது. திட்டு நின்றதும் பல் உள்ளே போயிற்று.

"ஏம்ப்பா சிரிக்கிற?"

"சிரிக்கலங்க ஐயா." கலியமூர்த்தி தரையைப் பார்த்துச் சொன்னார். "எங்கப்பாரு பண்ணையில ஆளா இருந்தவருங்க. திட்டும்போது மூஞ்சிய உம்முன்னு வெச்சிருந்தா, என்னடா மொறைக்கிறேன்னு இன்னும் ரெண்டு விழுங்க. பல்லக் காட்டிட்டா போய்த் தொலைன்னு விட்டுருவாங்க. திட்டுனா பல்லக் காட்டுடான்னு எனக்கும் சின்னதுலயே பழக்கிட்டாரு. இப்ப அது தானா வந்துருதுங்க. நிறுத்த முடியலங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டைப்ரைட்டரில் தாள் மாட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

சார் மட்டும் கலங்கவில்லை. கலங்குவதற்கான சொல் அவர் காலண்டரில் இன்னும் வந்திருக்கவில்லை போலும். "காரணம் எதுவா வேணா இருக்கட்டும். ஸ்மர்க் ஸ்மர்க்தான்" என்றார்.

"சரி, அதுக்கு என்ன அர்த்தம்னு பாத்துடுவோம்" என்றார் வெற்றிலைக்காரர்.

சார் இதற்காகவே பிறந்தவர். அலமாரியிலிருந்து தலையணை கனத்துக்கு இருந்த அகராதியை எடுத்தார். சொற்களின் பூர்வீகம் வரை சொல்லும் அகராதி அது. ஏதோ பாடம் நடத்துகிறவர் குரலில் வாசித்து, தமிழில் அர்த்தமும் சொன்னார். தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் சிரிப்பு, அடுத்தவனை மட்டமாக நினைக்கும் சிரிப்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம். அகராதியில் எதையும் பாதியில் விடும் பழக்கம் அவருக்கு இல்லை. பூர்வீகத்தையும் வாசித்தார். ஆதியில் ஆங்கிலத்தில் ஸ்மர்க் என்றால் வெறுமனே புன்னகைப்பது, அவ்வளவுதான். ஸ்மைல் என்ற சொல் பின்னால் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது.

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. எங்கள் அலுவலகத்தில் தினம் நடப்பதுதான். ஸ்மர்க் சீனியர். நல்ல பிள்ளையாக எல்லாச் சிரிப்பையும் ஒற்றை ஆளாகக் கவனித்து வந்தது. பிறகு வேறு கோட்டத்திலிருந்து ஸ்மைல் மாற்றலாகி வந்தது. வந்த ஜோரில் நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. குழந்தை, காதல், கல்யாண ஆல்பம் எல்லாம் அதன் மேஜைக்குப் போயின. சீனியருக்கு மிஞ்சியது திமிரும் ஏளனமும்தான். அது என்ன தப்புச் செய்தது என்று எந்த அகராதியும் விசாரிக்கவில்லை.

வெற்றிலைக்காரர் என் பக்கம் திரும்பினார். "தமிழ்ல என்ன போட்டிருக்கீங்கம்மா?"

"நமட்டுச் சிரிப்புங்க சார்."

"அது வாய மூடிக்கிட்டுல்ல சிரிக்கிறது? இவருக்குப் பல்லு மொத்தமும் தெரியுதே. பல்லு தெரிய சிரிச்சா இங்கிலீஷ்ல என்ன சார்?"

"கிரின்" என்றார் சார், கொஞ்சம் தயங்கி.

"அதையும் பாத்துடுங்க. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

சார் பக்கத்தைப் புரட்டினார். கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். பல் தெரியச் சிரித்தல் என்றார். பூர்வீகத்துக்கு வந்ததும் குரல் இறங்கியது. நின்றது.

"என்ன சார் போட்டிருக்கு?"

"ஆதியில... வலியாலயோ கோபத்தாலயோ பல்லக் காட்டறது."

"கோபம் இவருக்கு இல்ல, உங்களுக்கு. இவருக்கு மத்தது" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்காரர் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்தார். பிறகு எனக்கு நேராகத் தமிழிலேயே சொன்னார். குற்றச்சாட்டில் கண்ட நமட்டுச் சிரிப்பு சம்பவ இடத்தில் நிகழ்ந்ததாக நிரூபிக்கப்படவில்லை. நிகழ்ந்தது வேறு. அதன் மேல் குற்றச்சாட்டு இல்லை. அதை அடிக்கும்போது என் விரல் ஒரு எழுத்தில்கூடத் தவறவில்லை.

மனிதர் ரயிலைப் பிடித்தாரா என்று தெரியாது. கலியமூர்த்தியின் வேலை பிழைத்தது. அறையை விட்டு வெளியே வந்ததும் என்னிடம், "இனிமே திட்டுனா மூஞ்சிய எப்படி வெச்சுக்கறதும்மா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எங்கள் துறையில் பதில் யாரிடமும் இல்லை. அதன் பிறகு வந்த எத்தனையோ அதிகாரிகளிடம் அவர் அப்படியேதான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். 'சிரிச்ச மூஞ்சிக்காரன்' என்று நல்ல பெயரே வாங்கி ஓய்வு பெற்றார். ஓய்வு விழாவில் அதை மைக்கில் புகழ்ந்தும் பேசினார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

காலண்டர் சாரும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே எனக்கு ஒரு மெமோ வந்தது. டாவ்டில் என்று ஒரு சொல். வேலையில் சோம்பி நேரம் கடத்துவதாம். அதையும் நானே தமிழாக்கி, நானே அடித்து, நானே பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு சுறுசுறுப்பாகச் சோம்பேறி என்று பெயர் வாங்கியவள் நான் ஒருத்திதான்.

சாயங்காலம் கயல்விழி கூப்பிட்டாள். முழுக் கதையையும் சொன்னேன். அப்பாவின் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. முடித்ததும், நான் அவளுக்காக எழுதி வைத்திருந்த விளக்கத்தை வாசித்தேன். 'கைபேசியைக் கையாளும்போது விரல் தவறுதலாகப் பட்டு' என்று ஆரம்பித்து, 'இனி இவ்வாறு நிகழாது எனப் பணிவுடன்' என்று முடியும் முதல் தரமான சரக்கு.

"நல்லா இருக்கு ஆன்ட்டி. ஆனா கை தவறலயே."

"பின்ன?"

"அன்னைக்குக் காலையில நான் கடைமடையிலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். வாய்க்கா வெடிச்சுக் கெடக்குது. ஊர்க்காரங்க என்னைச் சுத்தி நின்னு கேக்குறாங்க. அப்பதான் அந்த போட்டோ வருது. அது வாய்க்கா ஆரம்பிக்கிற தலைப்புல, போன வருஷம் எடுத்தது. இருக்குற மூஞ்சியெல்லாம் தள்ளித் தள்ளிப் பாத்து, இதுதான் சரின்னு போட்டேன். பேருதான் எனக்குத் தெரியாது."

"தகுதிகாண் பருவம்மா உனக்கு. வேலைய விட்டே நிறுத்திருவாங்க."

"தெரியும் ஆன்ட்டி. எழுதி முடிச்சுட்டேன். கை தவறலன்னும் எழுதிட்டேன், தண்ணி வரலன்னும் எழுதிட்டேன். அந்த ஒரு எடம் மட்டும் காலியா இருக்கு. தமிழ்ல என்னன்னு சொன்னீங்க?"

"நமட்டுச் சிரிப்பு."

எழுதிக்கொண்டே திரும்பச் சொன்னாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கடைசியில் அந்தச் சொல்லுக்கு உரிய ஆள் ஒருத்தி எங்கள் துறைக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. நீங்க சொன்னதெல்லாம் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. நான் எழுதுனதையும் மொதல்லயே படிச்சுக் காட்டிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு."

எனக்குத் திக்கென்றது. பெண்ணின் வேலை போய்விடும் என்று பயந்துவிட்டார் மனிதர்.

"பல்லு தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

"இல்லயே ஆன்ட்டி. வாய மூடிக்கிட்டுத்தான் சிரிக்கிறாரு. இன்னும் நிறுத்தல."